ஹஜ்ரத்தின் முன்பல்

பல் ஆஸ்பத்திரியில் புதிதாக உதவிக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுவது.

போன வாரம் உங்களில் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "ஐயா, ரூட் கெனால் கேஸ்ல நாங்க ரொம்ப கவனிக்க வேண்டியது எது?" நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவிகளைக் கொதிக்க வைப்பது, பஞ்சைத் திரித்து நீட்டுவது, இதெல்லாம் உங்கள் டாக்டரம்மா என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறே. அதை நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது, எழுதித் தருகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் திருவதிகை. சூலை வலி தீர்த்த சாமி குடியிருக்கிற ஊர். வலி தீர்க்கிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அவர் போட்ட பிச்சை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். குளித்துத் திருநீறு பூசாமல் கிளினிக்கில் ஒரு டப்பாவைத் தொட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த தப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

அறுபத்தைந்து, அறுபத்தாறு வாக்கில் இருக்கும். எங்கள் டாக்டருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக். ஞாயிறும் புதனும் மட்டும் சிதம்பரம் போவோம். மேலவீதிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை. கரண்டு இல்லாவிட்டாலும் ஓடும்படி, காலால் மிதிக்கிற மிஷின். என்னை எல்லாரும் கம்பவுண்டர் என்பார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, கடைசியில் நோயாளியை வாசல் வரை கொண்டுவிட்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவது, இதுதான் என் வேலை. கடைசியில் சொன்னேனே, அந்த வாசல் வேலை, அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் பல் வலி என்றால் ஜனங்களுக்குப் பிடுங்குவது ஒன்றுதான் தெரியும். பல்லைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று எழுந்து போனவர்கள் ஜாஸ்தி. அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் தானாகவே வந்து, "என் பல்லைப் புடுங்காம ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

பறங்கிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர். ஹஜ்ரத் என்று கூப்பிடுவார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, மருதாணி போட்ட தாடி, வெள்ளை ஜிப்பா. கிணற்று ராட்டினம் கழன்று வாயில் அடித்து, மேல் வரிசை முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. உள்ளே நரம்பு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. காற்றுப் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது.

"புடுங்கிட்டா வலி இன்னிக்கே தீந்துடுமே?" என்று டாக்டர் கேட்டார்.

"வலி தீரும் டாக்டர். ஓத முடியாதே" என்றார் ஹஜ்ரத். அப்புறம் விளக்கினார். அரபியில் சில எழுத்துகளை நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட்டால்தான் சரியாகச் சொல்ல முடியுமாம். பல் இல்லாவிட்டால் எழுத்து வழுக்கிப் போய் வேறொன்றாகிவிடுமாம். குர்ஆன் முழுக்க அவருக்கு மனப்பாடம். வரப்போகிற நோன்பு மாதம் முழுவதும் அவர்தான் முன்னால் நின்று அதை முதலிலிருந்து கடைசிவரை ஓதித் தொழவைக்க வேண்டும். "வயசாகி விழுந்தா அது அல்லாஹ் எடுத்துக்கிட்டது. நானா குடுக்கலாமா?" என்றார்.

டாக்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்: "பல்லுங்கிறது உள்ள கூடு மாதிரி, ஹஜ்ரத். அதுக்குள்ள ஒரு நரம்பு வேர் வரைக்கும் ஓடுது. வலியெல்லாம் அதுலதான். அந்த நரம்பை மட்டும் எடுத்துட்டு, அது இருந்த வழியைச் சுத்தம் பண்ணி, அடைச்சு மூடிட்டா, பல்லு அதும்பாட்டுக்கு நிக்கும். நாலஞ்சு தரம் வரணும்."

ஹஜ்ரத் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நரம்பை மௌத்தாக்கி வாய்க்குள்ளயே அடக்கம் பண்ணிட்டு, பல்லை மட்டும் ஹயாத்தா, உசுரோட நிப்பாட்டி வைக்கிறீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கவைத்த நோயாளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஊசி போட்டும் மரக்கவில்லை. அவ்வளவு வீங்கிப்போன நரம்பு. அதனால் அந்தக் காலத்து வழக்கப்படி டாக்டர் நரம்பைச் சாகடிக்கிற மருந்தைக் கடுகளவு எடுத்து உள்ளே வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். அது பாஷாணம். இரண்டு மூன்று நாளில் திறந்து எடுத்துவிட வேண்டும். விட்டால் நரம்போடு நிற்காது, கசிந்து ஈறையும் எலும்பையும் தின்னும். இது எனக்குத் தெரியும், டாக்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். நோயாளியிடம் சொல்லுவதில்லை. வாய்க்குள் விஷம் வைத்திருக்கிறோம் என்றால் யார் உட்காருவார்கள்? "புதன்கிழமை கட்டாயம் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். கை கழுவும்போது என்னைப் பார்த்து, "புதன்கிழமை. மறந்துடாதே" என்றார்.

நான் ஹஜ்ரத்தை வாசலுக்குக் கூட்டி வந்தேன். அப்போது மார்கழி. அந்த வருஷம் மார்கழியும் நோன்பும் ஒன்றாக வந்தது. நான் அதிகாலையில் தலைமுழுகி, மாதாமாதம் சஷ்டிக்குப் பச்சைத் தண்ணீரோடு இருக்கிறவன். அதிலும் காலைப் பூஜை முடிகிறவரை, வாய் கொப்புளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிடுமோ என்று பயந்து, துணியை நனைத்துத் துடைத்துக்கொள்கிற ஆள். இவர்கள் நோன்பில் எச்சில் கூட விழுங்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். இப்படிப்பட்டவரைப் பட்டினி நாளில் நாற்காலியில் சாய்த்து, வாயில் தண்ணீரை ஊற்றி, கிராம்புத் தைலத்தைத் தடவுவதா என்று என் மனசு கூசியது.

"ஹஜ்ரத், நாளைக்கோ நாளன்னிக்கோ பிறை தெரிஞ்சுடும் போல இருக்கே" என்றேன்.

"ஆமா தம்பி, இன்ஷா அல்லாஹ்."

"நோன்பு நாள்ல உங்க வாய்ல மருந்தையும் தண்ணியையும் ஊத்தி அந்தப் பாவத்தை நான் கட்டிக்க மாட்டேன். வலி இல்லாட்டி பெருநாள் கழிச்சு நிதானமா வாங்க."

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "வலி இப்பவே கொறையுது. டாக்டர் புதன்கிழமைன்னாரே?"

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க நிம்மதியா ஓதுங்க."

அவர் என்னை நேராகப் பார்த்து, வலது கையை நெஞ்சில் வைத்தார். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், தம்பி." பஸ் ஏறும்போதும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு ஏதோ கோயிலுக்கு விளக்குப் போட்ட மாதிரி நிறைவாக இருந்தது.

புதன்கிழமை டாக்டர், "எங்க ஹஜ்ரத்தைக் காணோம்?" என்றார்.

"நோன்பு பொறந்துடுச்சுங்க டாக்டர். பெருநாள் கழிச்சு வரேன்னுட்டாரு."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிள்ளைகளே, நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். நான் சொன்னேன் என்று சொல்லவில்லை. அவர் சொன்னார் என்று சொன்னேன். யோசித்துத் திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாக அப்படித் திரும்பிவிட்டது.

டாக்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? இன்னிக்கே ஆள் அனுப்பு. அடுத்த பஸ்ல வந்தாகணும்னு சொல்லு."

"சரிங்க."

பறங்கிப்பேட்டை பஸ்ஸில் எனக்குப் பழக்கமான கண்டக்டர் ஒருத்தர் இருந்தார். ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவரிடம் சொன்னேன்: "ஹஜ்ரத்தைப் பார்த்தா டாக்டர் விசாரிச்சாருன்னு சொல்லு மச்சான். சௌகரியப்பட்டா ஒரு நடை வந்துட்டுப் போவட்டும்."

"அவசரமா மச்சான்? அவசரம்னா இறங்கிப் போய் சொல்றேன்."

"அவசரம்னு இல்ல. நோன்பு நேரம் பாரு, தொந்தரவு பண்ணாதே."

டாக்டர் சொன்ன அவசரத்தை நானே உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பினேன். மறுநாள் கடலூரில் கண்டக்டரின் பதில் வந்தது: வலியே இல்லையாம், டாக்டருக்கு சலாம் சொன்னாராம். அதை டாக்டரிடம் சொன்னேன். "வலி இருக்காது. செத்த நரம்பு எங்க வலிக்கும்? அதான்டா பயம்" என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஆருத்ரா திருவிழாக் கொடியேற்றக் கூட்டத்தில் சிதம்பரத்து அறையைத் திறக்கவே இல்லை. அதற்கப்புறம் டாக்டர் இரண்டு மூன்று வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. ஆருத்ராவுக்குக் குடும்பத்தோடு போய் நடராஜர் சன்னதியில் நின்றபோது கூட ஹஜ்ரத் ஞாபகம் வந்தது. என்னால் ஒரு நல்ல மனுஷனின் நோன்பு கெடாமல் நடக்கிறது என்று சாமியிடமே சொல்லிக்கொண்டேன். கை கூப்பி நின்று சொன்னேன். இன்றைக்கும் அந்த சன்னதியில் நின்றால் முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, தலை தானாகக் குனிகிறது.

நோன்பு முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, டாக்டர் தேறி வந்த முதல் புதன்கிழமை, ஹஜ்ரத் வந்தார். தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் டாக்டர். பெருநாள் கழிச்சு வர்றதாத்தான் இருந்தேன். நேத்து ஓதிட்டு இருக்கும்போது பல்லு ஆடிடுச்சு. பின்னால நிக்கிற பையன் ரெண்டு எடத்துல எழுத்தைத் திருத்தினான். இத்தனை வருஷத்துல என்னை யாரும் திருத்தினது இல்ல."

துண்டை எடுத்ததும் அறை முழுக்க அந்த வாடை பரவியது. டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார். பல்லைச் சுற்றி ஈறு வெந்தது போல வெளுத்திருந்தது. அதற்கு உள்ளே எலும்பு, சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளியே தெரிந்தது.

"இந்த வாடை எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு ரெண்டு வாரமா இருக்கும் டாக்டர். நோன்பாளி வாயில ஒரு வாடை வரும், அது அல்லாஹ்வுக்குப் புடிச்ச வாடைன்னு எங்கள்ல சொல்லுவோம். அதுன்னு நெனச்சேன். சந்தோஷமாத்தான் இருந்தேன்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஆள் அனுப்பியும் நீங்க வரலியே ஹஜ்ரத்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது. "பெருநாள் கழிச்சுத்தான் வருவேன்னு அப்படி என்ன பிடிவாதம்?"

ஹஜ்ரத் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். பிறகு சந்தோஷமாகவே சொன்னார்: "நான் எங்க சொன்னேன்? கம்பவுண்டர் தம்பிதான் சொன்னாரு, நோன்புல சிரமப்பட வேணாம், பெருநாள் கழிச்சு வாங்கன்னு. பெரிய மனசு டாக்டர் அவருக்கு. பள்ளியில நாலு பேர்கிட்ட சொன்னேன், இப்படி ஒரு மனுஷன் இருக்காருன்னு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டிவிட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "நோன்போட இருக்கீங்களா?"

"இருக்கேன். குடுங்க." ஹஜ்ரத் வாங்கி வாய் கொப்புளித்துத் துப்பினார். "கொப்புளிச்சா முறியாது டாக்டர், முழுங்கினாத்தான். அஞ்சு வேளைத் தொழுகைக்கும் முன்னால வாய் கொப்புளிக்கிறோமே. உடம்புக்கு முடியலன்னா நோன்பையே விட்டுட்டு அப்புறமா புடிக்கவும் சலுகை இருக்கு." பிறகு என் பக்கம் பார்த்து, சாதாரணமாக, "தம்பி பார்த்திருப்பீங்களே, பள்ளிவாசல் ஹவுல்ல எல்லாரும் கொப்புளிக்கிறதை" என்றார்.

பார்த்திருக்கிறேன். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். நோன்பு மாதத்திலும் பார்த்திருக்கிறேன். பள்ளிவாசல் வாசலைக் கடக்கும்போதெல்லாம் தொட்டித் தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து கொப்புளித்துத் துப்புவார்கள். கண் பார்த்தது. என் சஷ்டியை வைத்து அவர் நோன்பை அளந்த புத்திக்கு அது எட்டவே இல்லை.

பல்லைப் பிடுங்க வேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டர் விரலால் தொட்டதும் கையோடு வந்தது, கூடவே ஒரு சில்லு எலும்பும். பக்கத்துப் பல்லும் ஆடியது. செத்த இடத்தையெல்லாம் சுரண்டிக் கழுவி, பக்கத்துப் பல்லை எப்படியோ நிறுத்தினார். நான் தட்டில் கிடந்த அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூலை உடைந்ததைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல பல்.

உள்ளே வைத்த மருந்து என்ன என்பதையும், நான் செய்ததையும் டாக்டர் அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டார். ஹஜ்ரத் பஞ்சைக் கடித்துக்கொண்டு கேட்டார். பேச முடியாது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துபோகும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கை எவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடலூர் திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அது விஷம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாயில வச்சிருந்த மனுஷனுக்குத் தெரியாது. அதுல பாதி என் தப்பு. இனிமே உள்ள என்ன வைக்கிறோம்னு சொல்லாம யாரையும் அனுப்ப மாட்டேன்." என் பக்கம் திரும்பி, "மீதி உன்னுது. அதை நீ பார்த்துக்கோ" என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மிச்ச நாளெல்லாம் திருத்தின அந்தப் பையனே முன்னால் நின்று ஓதினானாம். ஹஜ்ரத் பின் வரிசையில் நின்றாராம். கண்டக்டர் சொன்னார்.

புண் ஆறினதும் டாக்டர் காசு வாங்காமல் ஒற்றைப் பல் வைத்து, கழற்றி மாட்டுகிற பிளேட் செய்து கொடுத்தார். பார்வைக்கு அசல் பல் போலவே இருந்தது. ஆனால் ஓதினால் எழுத்து நிற்கவில்லை. நாக்கு தொடுகிற இடத்தில் பிளேட் தடித்திருக்கிறது என்றார் ஹஜ்ரத். டாக்டர் தேய்த்தார். இப்போது காற்று போகிறது என்றார். மறுபடி தேய்த்தார். அப்படித் தேய்த்த பிளேட்டை ஒருநாள் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காலை நேரம். பள்ளிவாசலை ஒட்டின ஓட்டுக் கொட்டகையில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ஹஜ்ரத் ஒரு எழுத்தைச் சொன்னார். பல் இல்லாத சந்து வழியாகக் காற்று சீறியது. பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சீறலையும் சேர்த்து அப்படியே சொன்னார்கள். கேலி இல்லை. வாத்தியார் வாயில் எப்படி வந்ததோ அப்படியே, பயபக்தியோடு சொன்னார்கள்.

ஹஜ்ரத் நிறுத்தினார். தோள் துண்டின் நுனியை எடுத்து வாயை மூடிக்கொண்டார். முன் வரிசையில் ஒரு சிறு பெண்ணைக் கூப்பிட்டு எல்லாருக்கும் எதிரே நிற்கவைத்தார்.

"நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். தெளிவாக விழுந்தது.

"எல்லாரும் இவ நாக்கு எங்க தொடுதுன்னு பாருங்க. இவ வாயைப் பார்த்துச் சொல்லுங்க. என் வாயைப் பார்க்காதீங்க."

பிளேட்டைப் பஞ்சில் வைத்த டப்பா என் கையில் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். எழுந்து வெளியே வந்தார், துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. பசியாறுனீங்களா?"

"இல்ல ஹஜ்ரத். இன்னிக்கு சஷ்டி. விரதம்."

தண்ணீர்ப் பானைப் பக்கம் நீட்டின கையை அவர் அப்படியே நிறுத்தினார்.

"எனக்கு உங்க விரதத்தைப் பத்தித் தெரியாது தம்பி, அதான் கேக்குறேன். தண்ணி குடிக்கலாமா, அதுவும் கூடாதா?"

உள்ளே அந்தப் பெண் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"குடிக்கலாம் ஹஜ்ரத்" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு சொம்பைத் தேய்த்துக் கழுவி, நிறைய மொண்டு கொண்டுவந்து கொடுத்தார்.